சலவைக்கடை மீது வந்த புகார்

சலவைக்கடை திறந்த பன்னிரண்டாம் நாள், அது பயங்கரவாதிகளின் கூடாரம் என்று உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அங்கிருந்து அது அனுப்பப்பட்ட இடமோ, அக்கடையைத் திறந்து வைத்திருந்த பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் தலைமை அலுவலகம்.

பிரிவின் தலைவர் அக்கடிதத்தை இருமுறை படித்தார். பின்னர்க் கடையில் இஸ்திரி போடும் பெண்ணை வரவழைத்து, அதை அவள் முன்னே தள்ளினார். அவள் இருபத்தாறு வயது அதிகாரி. பயிற்சியில் முதல் மாணவி. அவளையும் அவளுடன் சேர்ந்த புதியவர்களையும் தலைவர் "பால்பற்கள்" என்றே அழைப்பார். முளைத்துவிட்டன, ஆயினும் கடலையைக் கடிக்கும் வலு இல்லை என்பது அவருடைய கருத்து.

கடைக்கு எதிரே நாற்பது குடும்பங்கள் வாழும் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் எவனோ ஒருவன் வெடிகுண்டு செய்கிறான், சனிக்கிழமை விடியலில் அது ரயில் நிலையத்துக்குப் புறப்படும் என்று உறுதியான செய்தி கிடைத்திருந்தது. எவன் என்பதுதான் கிடைக்கவில்லை. வீடு வீடாகச் சோதனையிடவும் வழியில்லை. முதல் கதவைத் தட்டினாலே, அவன் பொத்தானைத் தட்டிவிடுவான்; நாற்பது குடும்பங்களும் அதோடு போகும். ஆகவே எதிரே கடை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என முடிவாயிற்று. மூன்றாம் மாடியில் நாள்தோறும் பார்சல் வாங்கும் ஒருவர் மீது ஐயம் விழுந்தது. கடையின் பெயர்ப்பலகையில் ஒரு துளையிட்டு, அவருடைய சன்னலை நோக்கி ஒரு கேமரா பொருத்தப்பட்டது.

உடன்பணியாற்றும் அதிகாரி அவளுக்கு அண்ணனாக நடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உண்மையில் அவன் அவளைவிட மூன்று வயது இளையவன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "அண்ணா" என்று கூப்பிடும்போதெல்லாம், அவன் வேண்டுமென்றே காது கேளாதவன்போல் இருந்து, மறுமுறையும் கூப்பிட வைப்பான்.

இருவரும் பயிற்சியில் கற்றதை எள்ளளவும் பிசகாமல் கடைப்பிடித்தனர். ஒரே நேரத்தில் இரு நாள் எங்கும் செல்லாதே என்பது முதல் பாடம். அதனால் கடை ஒரு நாள் ஆறரைக்கும், மறுநாள் ஒன்பதே காலுக்கும், அதற்கடுத்த நாள் பதினொன்றுக்கும் திறந்தது. ஒரே வழியில் இருமுறை போகாதே என்பது அடுத்த பாடம். அதனால் நாற்பதடி தொலைவிலுள்ள எதிர்க் கட்டடத்துக்குப் போகும் சட்டைகளை அண்ணன் மூன்று தெரு சுற்றி எடுத்துச் சென்றான்; அவை போய்ச் சேரும்போது மீண்டும் கசங்கியிருந்தன. வெயில் காலத்தில் சட்டையை உலா கூட்டிச் செல்வதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார்சல்காரர் ஒரு நாள் கேட்டுவிட்டுப் போனார்.

அவளுடைய இஸ்திரியோ அதனினும் மோசம். பன்னிரண்டு நாளில் எட்டுச் சட்டைகளைக் கருக்கியிருந்தாள். மகள் புள்ளிவிவரத் துறையில் வேலை செய்வதாக நம்பியிருந்த அவளுடைய அம்மா இதை அறிந்திருந்தால் வியந்திருக்க மாட்டாள். வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தறியாத மகள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை, தலைவர் முன்னிலையில் அவள் அக்கடிதத்தைப் படித்தாள். கடைக்காரர்கள் நேரம் மாற்றித் திறக்கிறார்கள். வழி மாற்றி நடக்கிறார்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்த பிறகே தெருவைக் கடக்கிறார்கள். போனில் பேசும்போது வாயைக் கையால் மறைக்கிறார்கள். குப்பையில் ஒரு துண்டுக் காகிதமும் போடுவதில்லை. பெயர்ப்பலகையின் துளைக்குள் மாலை நான்கு மணிக்கு ஏதோ மின்னுகிறது. ஆக ஏழு குற்றச்சாட்டுகள்.

"பயிற்சிப் பாடத்துல எனக்கே அஞ்சுதான் ஞாபகம் இருக்கு," என்றார் தலைவர். "கட்டடத்துப் பெண்கள் சேர்ந்து உங்க மானத்தை வாங்கிட்டாங்க. சாயங்காலத்தோட கடையைக் காலி பண்ணிடுங்க. ராத்திரி ஆயுதப்படை உள்ள போகும். வேற வழியில்ல."

அவளுக்கு முகம் சிவந்தது. எனினும் கடிதத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஏதோ ஒன்று இடித்தது.

அவள் வாயை மறைத்துப் பேசியதைக் கட்டடத்துப் பெண்கள் பார்த்ததுண்டு. அதற்கு அவர்கள் கண்ட காரணம் பல்வலி. முதல் மாடி அக்கா ஒரு பல் மருத்துவரின் முகவரியையும் எழுதிக் கொடுத்திருந்தார். நேரம் தவறித் திறப்பதைச் சோம்பல் என்றார்கள். தெரு சுற்றுவதைக் காதல் என்று தீர்மானித்து, அண்ணன் எந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போகிறான் என்று அவளிடமே துருவினார்கள். ஊரார் கண்ணுக்கு இவையெல்லாம் குறைகள் மட்டுமே. இவற்றை ஏழு அறிகுறிகளாகப் படிக்க, அதே பாடத்தை எங்கேனும் பயின்ற ஒருவன் வேண்டும்.

"சார், இதை எழுதினது அவன்தான்," என்றாள். "நம்ம கேமரா மூணாம் மாடியைப் பாக்குது, தன்னைப் பாக்கலன்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் வாசல்ல போலீஸ் இருந்தா குண்டுப் பெட்டியோட எப்படிக் கிளம்புவான்? நம்ம மேல புகார் குடுத்தா, உள்ளூர்ப் போலீஸ் வந்து கடையைக் கலைச்சிடும்னு கணக்குப் போட்டிருக்கான்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் மாலை வரை அவகாசம் என்று பொருள்.

மாலை நான்கு மணிக்கு அவள் துணி மூட்டையுடன் எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்தாள். கடைக்கு நேர் எதிரே சன்னல் உள்ளவை நான்கே வீடுகள், மாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் சட்டையைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, கடிதம் சொன்ன மின்னல் அங்கிருந்து தெரிகிறதா என்று சன்னல் வழியே தன் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். முதல் மாடியில் துளை தெரியவில்லை. பார்சல்காரர் வீட்டிலோ தரை முழுவதும் பொம்மை ரயில் தண்டவாளம். பார்சல் மர்மம் அவிழ்ந்ததே தவிர, அங்கிருந்தும் எதுவும் மின்னவில்லை. நான்காம் மாடியிலும் இல்லை. இரண்டாம் மாடியில் மட்டும், சாய்ந்த வெயிலில், துளைக்குள் கேமரா பூனைக்கண்போல் பளபளத்தது.

அந்த வீட்டுக்காரரை அனைவரும் "நல்லவர்" என்றே குறிப்பிடுவர். படியில் கிழவர்களின் பையைத் தூக்குவார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்: சட்டைக் கழுத்துப் பட்டையில் ஒரு மடிப்பும் கூடாது. அவள் இரண்டு சட்டைகளில் ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

"சாம்பல் கலர் சட்டை எங்கம்மா?" என்றார் நல்லவர். "காலைல ஊருக்குப் போறேன். பெட்டியில அது ஒன்னுதான் பாக்கி."

ஆறு மணிக்குத் தரலாம் என்று சொல்லி இறங்கினாள்.

ஆள் தெரிந்துவிட்டது. ஆயினும் அவன் கையையும் பெட்டியையும் பிரிப்பது எவ்வாறு? தலைவர் பல திட்டங்கள் சொன்னார். எல்லாவற்றிலும் கதவை உடைப்பது வந்தது. அவள் சொன்ன திட்டத்தில் கதவைத் திறப்பவன் அவனே. ஒப்புக்கொள்ளத் தலைவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

ஆறு மணிக்கு அண்ணன், இம்முறை நேர்வழியில், நாற்பதடி நடந்து இரண்டாம் மாடி ஏறினான். சாம்பல் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தங்கச்சி கருக்கிவிட்டாள், பயந்துபோய் அழுதுகொண்டிருக்கிறாள் என்று தலையைச் சொறிந்தான்.

நல்லவர் செருப்பும் அணியாமல், ரசீதை மட்டும் பிடித்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். கடைக்குள் நுழைந்து, எங்கே அது என்று ரசீதை நீட்டினார். நீட்டிய கையைத் துணிக்குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்த நான்கு காவலர்கள் பிடித்துக்கொண்டனர்.

விலங்கு பூட்டும்போதும் அவர் கண் சுவரில் தொங்கிய சாம்பல் சட்டை மீதே இருந்தது.

"காலர் நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஆமா. பன்னெண்டு நாள்ல இது ஒன்னுதான் நல்லா வந்துச்சு," என்றாள் அவள்.

தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டதென்று சொல்லி நாற்பது குடும்பங்களையும் வெளியேற்றினர். பெட்டியில் மடித்த துணிகளுக்கு அடியில் குண்டு இருந்தது. மேலே ஒரு சட்டைக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. நிபுணர்கள் அதைச் செயலிழக்கச் செய்து எடுத்துப் போயினர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் எழுதியும் கொடுத்திருந்தது.

சனிக்கிழமை, கடையை மூடுவதற்கு முன் பாக்கித் துணிகளைத் தேய்த்துக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பலகையில் எழுதியபடி காலை எட்டு மணிக்குக் கடை திறந்தது. ஒரு மேசையில் அவள். மறு மேசையில், யாருக்கும் அறிமுகப்படுத்தப்படாமல், தலைவர். முதல் மாடி அக்கா துணிப்பையுடன் வந்து, தன் கைக்கடிகாரத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டார்.

"என்னம்மா, பல்வலி சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுக்கா. நேத்து சாயங்காலம் புடுங்கியாச்சு."

தலைவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியின் கீழிருந்து மெல்லக் கருகல் வாடை எழுந்தது.