மருமகளின் கால்சட்டை

கம்மல் போடக் கூடாது என்று பாஸ்டர் சொன்ன அன்றே கழற்றிவைத்த முதல் ஆள் என் அம்மா. முப்பது வருஷமாக வெள்ளைப் புடவை, முழங்கை தாண்டிய ரவிக்கை. பாஸ்டர் கிழித்த கோட்டை அவள் தாண்டியதே இல்லை.

என் மனைவிக்கு மின்சாரக் கம்பெனியில் வேலை. கம்பத்தில் ஏறிக் கம்பி இழுப்பவள். அதற்குக் கால்சட்டைதான் தோது. வேலை முடிந்ததும் ஆபீசிலேயே புடவைக்கு மாறிவிடுவாள். சபைக்குத் தெரியாமல் மூன்று வருஷம் ஓட்டிவிட்டோம்.

அந்த ஞாயிறு விடிகாலையில் காற்று பேயாய் அடித்து நாலைந்து தெரு இருண்டுபோக, அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை இழுத்துவிட்டது. திருவிருந்தைத் தவறவிட மனமில்லாமல், சேறு அப்பிய கால்சட்டையோடு நேரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்தினார். ஆண் உடையில் வந்திருக்கும் சகோதரி வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரட்டும் என்றார். கோபமில்லை, தகப்பன் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போய் எழுந்தாள். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

முன்வரிசையில் அம்மா எழுந்தாள்.

"பாஸ்டரய்யா, என் மருமக கம்பத்துல ஏறுறவ. கீழ பத்து ஆம்பளைங்க அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. புடவையோட ஏறினா மானம் நிக்குமா, கால்சட்டையோட ஏறினா நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

உட்காருங்கள் அம்மா என்றார் பாஸ்டர். அம்மா உட்காரத்தான் செய்தாள். கடைசி பெஞ்சுக்குப் போய், மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. திருவிருந்தின் அப்பத்தட்டு மருமகளுக்கு நீட்டாமல் தாண்டிப் போனபோது, அம்மா தனக்கு நீட்டியதையும் வேண்டாமென்று தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, வேலையிலிருந்து நேரே வருகிறவர்கள் வேலை உடுப்பிலேயே வரலாம், மற்ற கட்டுப்பாடு எதுவும் மாறாது என்றார். அம்மா தலையாட்டினாள். மற்றதில் அவளுக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

"நாளைக்கு உங்க தெருவுலதான் இவளுக்கு வேலை," என்றாள் அவர் கிளம்பும்போது. "ஒரு எட்டு வெளிய வந்து பாருங்க."

பாஸ்டர் வந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். கம்பத்தின் உச்சியில் இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி என் மனைவி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பத்தையே தான்தான் நட்டுவைத்ததுபோல அம்மா அவர் பக்கத்தில் நின்றாள்.