நாரிக்கு ஓர் அழைப்பு

எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் இடுப்பு வேறு, நாரி வேறு. குடமும் குழந்தையும் ஏறுவது இடுப்பில். உழைப்பும் நோவும் ஏறுவது அதன் பின்பக்கமான நாரியில். தோட்டத்தில் நாரி முறியப் பாடுபடுகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள். என் கணவர் பரமலிங்கமும் அப்படி முறிந்தவர்தான். ஆனால் மனிதருக்கு முன்னால் அந்த நாரி வளையாது. அதுதான் நான் வாங்கி வந்த வரம்.

மகள் பத்மாவதியின் கலியாணத்துக்கு முதல் நாள் காலை, பந்தல் வாசலில் வாழை நடக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நாரிப்பிடிப்பு. தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் சரித்தோம். பரியாரியார் வந்து எண்ணெய் பூசி, இரண்டொரு நாள் அசையக்கூடாது என்றார். மறுநாள் மணவறையில் சம்மணம் கட்டியிருந்து மகளைத் தாரை வார்க்க வேண்டிய தகப்பன் இவர்.

“காலாலை பிறந்த ஆக்கள் உழக்கினால் உடனை விடும்,” என்றாள் தோரணம் பின்னிக்கொண்டிருந்த தங்கமுத்து. எங்கள் ஊரில் இதை நம்பாதவர் இல்லை. தலைக்கு முன் கால் வந்து பிறந்தவர் மிதித்தால் எந்தப் பிடிப்பும் ஓடிவிடும். “வேறை ஆர், பூரணம்தானே,” என்றும் அவளே சொன்னாள். பந்தலில் நின்றவர்கள் அடுத்த வளவு வேலியைப் பார்த்தார்கள்.

பூரணம் மச்சாள் இவருடைய கூடப்பிறந்த தமக்கை, அடுத்த வளவில் இருப்பவர். வேலி அடைக்கும்போது இவர் கதியால் தடிகளை அவர் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார். அன்று நின்ற பேச்சு, வருடக்கணக்காகிவிட்டது. ஊரெல்லாம் போய்க் கலியாணம் சொன்ன மனிதர் தமக்கையின் படலையை மட்டும் திறக்காமல் கடந்து போனார். சொல்லாத கலியாணத்துக்கு எங்கள் பக்கத்தில் எவரும் வரமாட்டார்கள். தகப்பனின் தமக்கையான மாமி இல்லாமல் பெண்பிள்ளைக்கு என்ன கலியாணம்? நானும் மகளும் அழுதும் பார்த்தோம், சண்டை பிடித்தும் பார்த்தோம். கல்லில் நார் உரித்த கதைதான்.

இப்போது அவரே பாயில் கிடந்து முனகினார். “போய்க் கூட்டிக்கொண்டு வா. கலியாணத்துக்கு இல்லை, நாரிக்கு எண்டு சொல்லு.”

எனக்கு வந்த கோபத்தில் நானே ஏறி மிதித்திருப்பேன். அடக்கிக்கொண்டு போய் அப்படியே சொன்னேன். மச்சாள் அடுப்பிலிருந்த பானையை இறக்கிவைத்தார். “ஓம், வாறன். சீலையை மாத்திக்கொண்டு வாறன்.” மிதிக்க வருகிறவர் எதற்குப் பெட்டியைத் திறந்து பட்டுச்சேலை உடுத்துகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

வந்ததும் தம்பியைக் குப்புறப் படுக்கச் சொன்னார். “எந்தப் பக்கம் நோகுது?”

“வேலிப் பக்கம்,” என்றார் இவர்.

மச்சாள் காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தார். அத்தனை வருடக் கோபமும் அந்தக் குதிக்காலில் இருந்தது. “ஐயோ அக்கா,” என்றார் இவர். அந்த ‘அக்கா’ என்ற சொல்லைக் கேட்ட பிறகு கால் மெல்லத்தான் விழுந்தது.

“விட்டிட்டுதோ?”

“விட்டிட்டுது.” இவர் எழுந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை. “நாளைக்கும் நில்லுங்கோ அக்கா.”

மச்சாள் நேரே குசினிக்குள் போய் அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மாப்பிள்ளை பகுதியார் நல்லூரிலிருந்து வாடகைக் காரில் வந்திறங்கினார்கள். இவர் சம்மணம் கட்டியிருந்து தாரை வார்த்தார். மாமி தோழியாய்ப் பக்கத்தில் நின்றார். எல்லாம் முடிந்து பலகாரம் எடுத்து வைக்கும்போது மச்சாளிடம் சொன்னேன். “நல்லகாலம், நீங்கள் காலாலை பிறந்தது.”

மச்சாள் சிரித்தார். “நான் எங்கை? காலாலை பிறந்தது அவன். ஊர்ச்சனம் மாறிப் பிடிச்சுக்கொண்டுது.”

“அப்ப ஏன் வந்தனீங்கள்?”

“கூப்பிட்டால்தானே வரலாம். எதுக்குக் கூப்பிட்டால் என்ன? அவனுக்குச் சொல்லிப்போடாதை.”

அப்படியானால் இவருக்கு எப்படிச் சுகமானது? கேட்கலாமென்று அறைக்குள் போனேன். மனிதர் குப்புறக் கிடந்தார்.

“கதவைச் சாத்து. எண்ணெய் போட்டுத் தேய். நோ அப்பிடியே கிடக்குது.”

“பிறகென்னெண்டு மணவறையிலை இருந்தனீங்கள்?”

“பல்லைக் கடிச்சுக்கொண்டு. விடேல்லை எண்டு சொல்லியிருந்தால் அவ மனம் நொந்து திரும்பிப் போயிருப்பா. அக்காவுக்குச் சொல்லிப்போடாதை.”

நான் இருவருக்கும் சொல்லவில்லை. எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து நாரியைத் தேய்த்துவிட்டேன். அந்தக் கதியாலுக்கும் சேர்த்து, கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன்.