நிலா தாவிய நண்பகல்

1.
கம்ப்யூட்டர் என்பது முதலில் மனிதர்களுக்கு இருந்த பெயர். கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். இது தெரிந்த அன்று, என் மேசையிலிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. அந்தப் பயம்தான் இந்தக் கதை.

2.
"இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் அலைகள் ஆவேசமாக…" (வேண்டாம். இங்கே குடியிருக்கும் எனக்கே அலுப்பாக இருக்கிறது.)

பதினெட்டாம் நூற்றாண்டு. அடுப்பில் மத்தி மீன் வேக, லவ்டே நான்ஸ் சமையல் மேசையில் நிலாவைக் கணக்கிடுகிறாள். சில வருடம் கழித்து அது எங்கே நிற்கும் என்பதை, நிலாவை வைத்துக் கடலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் மாலுமிகளின் பஞ்சாங்கத்துக்காக இப்போதே சொல்ல வேண்டும். அதே கணக்கை வேறோர் ஊரில் இன்னொருவர் போடுவார்.* இருவரும் சந்திக்கக் கூடாது. இரண்டையும் ஒப்பிடுபவர் ஜேகோ ட்ரெவின்.

* இவருக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். ஒட்டவே இல்லை.

3.
ஜேகோ கோபமாக வந்தார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக் காப்பியடிச்சீங்களாம்மா?"

"அவரு யாருன்னே தெரியாதேய்யா. கனவுல வந்து சொன்னாராக்கும்!"

"ஒரே நாள்ல ஒரே தப்பு. நிலா என்ன தவளையா, தாவுறதுக்கு?"

சீராக நகர வேண்டிய நிலா, ஒரு நண்பகலில் மட்டும் விலகி நின்றது. மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் தன் வழிக்குத் திரும்பியிருந்தது.

"நீங்களே போட்டுப் பாருங்க," என்றாள்.

போட்டார். மீன் கருகியது, யாரும் எழவில்லை. அதே எண்.

"முன்னபின்ன எண்ணுக்குத் தக்கபடி திருத்திடறேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வேணாம்யா! எம் வீட்டுக்காரரு டென்சில் இந்தப் பஞ்சாங்கத்த நம்பித்தான் கப்பல் ஓட்டுறாரு. அன்னிக்கு நிலா நெசமாவே அங்க நின்னா?"

"நிக்கலேன்னா?"

லவ்டே கருகிய மீனை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

4.
முடிவு ஒன்று: ஜேகோ திருத்தினார். டென்சிலின் கப்பல் பாறையில்… (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஜேகோ திருத்தவில்லை. டென்சிலின் கப்பல் பாறையில்… (இதையும்.)

ஒருவேளை லவ்டேதான் தவறோ? அவளுக்குக் கொடுத்த விதிகளை என் கம்ப்யூட்டரில் போட்டேன். அதே நண்பகல். அதே தாவல்.

பெட்டியை அணைத்தேன். லவ்டே மட்டும் போகவில்லை.

"எழுதுறது நீங்கதானே? அவர எப்படியாச்சும் கரை சேர்த்துடுங்க."

என்னால் முடியவில்லை, வாசகரே. பஞ்சாங்கத்தில் அந்த நண்பகலுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எண்ணை நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். டென்சில் பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார்.