பெரகல வளைவில் விழுந்த மான்

இத்ரூஸ் முதலாளியின் கார் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் பனி இறங்கினால் போதும், நல்லையாவின் மூக்குக்கு அந்தப் பழைய வாசனை வந்துவிடும். பெட்ரோலும், புதுச் சேலைப் பொதியும், முதலாளி பூசும் அத்தரும் கலந்த வாசனை. இப்போது அவன் ஓட்டுவது பெரிய பஸ். மழை உள்ளே வராது, கைபிடித்துச் சுற்றிக் கிளப்பும் பாடும் இல்லை. இருந்தும் என்ன? அந்தத் துணிக்கூரைக் காரின் சுகம் இதில் இல்லை. அதை நினைத்தால் ஏக்கமாக இருக்கும், அதை யாரிடமும் அவன் மறைத்ததுமில்லை.

அந்த நாளில் தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்து வரிசைவீட்டில் பிறந்த ஆம்பிளையின் கையில் மண்வெட்டி இருக்கும், இல்லாவிட்டால் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி இருக்கும். ஸ்டியரிங் பிடித்தவன் நல்லையாவுக்குத் தெரிந்து தான் ஒருவன்தான். பதுளையில் துணிக்கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளி, தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலை விற்கக் கார் வாங்கினார். பொதி தூக்க வந்த நல்லையாவையே ஓட்டப் பழக்கி லைசனும் எடுத்துக் கொடுத்தார். கார் லயத்துக்குள் நுழைந்தால் பெண்கள் சேலையை விட்டுவிட்டுத் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று நல்லையா சொல்வான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

ஒரு பின்னேரம், அந்தப் பெரகல ஏற்றத்து வளைவில்தான், பனிக்குள்ளிருந்து ஒரு பெட்டை மரை பாய்ந்தது. மானில் அது பெரிய சாதி, மாட்டுக் கனம் இருக்கும். நல்லையா பிரேக்கை மிதித்தும் பலனில்லை. கார் அதை அடித்துவிட்டு மண்திட்டில் போய் மூக்கை முட்டி நின்றது. ரேடியேட்டர் பிளந்து வெந்நீர் கொட்டியது. ஒரு விளக்கு போன இடம் தெரியவில்லை.

முதலாளி காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொதி அறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"நல்லையா, தலையப் புடி! மேக்கால திருப்பு!"

நல்லையா மண்டியிட்டு அதன் மூஞ்சியை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்தான். முதலாளி இறைவன் பேரைச் சொல்லி அறுத்தார். சற்று நேரத்தில் கீழே இருந்த தோட்டத்திலிருந்து மாடசாமிக் கங்காணி ஆட்களோடு வந்து சேர்ந்தார். நல்லையா பிறந்து வளர்ந்த லயம் அது. அன்று எல்லா வீட்டு அடுப்பிலும் மான்கறி கொதித்தது. முதலாளியும் ஒரு தொடையை மாட்டுவண்டியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோய், தன் தெருவில் வீடு வீடாகப் பங்கு வைத்தார். கார், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக் கொட்டகைக்குள் தள்ளிவைக்கப்பட்டது.

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மான் மோதிக் கார் உடைந்ததென்று கொழும்புக்குத் தந்தி போய், கம்பனியிலிருந்து ஒரு பறங்கித் துரை வந்தார். கெட்டிக்காரர், தமிழும் பேசுவார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அதில் ஒரு மயிர் இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. முதலாளியின் கார் அசிங்கமாக நிற்கக் கூடாதென்று கங்காணி ஆள்விட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்!

"மான் எங்கே?" என்றார் துரை.

வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றிருந்த காலம் அது. வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு போனால் அது விளையாட்டு, நம்மாள் கத்தியோடு போனால் அது குற்றம். சீட்டில்லாமல் மானை அறுத்ததற்கு முதலாளியைப் பிடித்துப் போக வந்திருக்கிறார்கள் என்றே லயத்துச் சனம் முழுக்க நினைத்துக்கொண்டது. எலும்பையும் தோலையும் அதற்குள் தேயிலைக்கடியில் புதைத்தாயிற்று.

"மானுங்களா?" என்றார் மாடசாமி. "இந்தப் பக்கம் மொசலு கூடக் கெடையாதுங்க, தொரை."

"மான்கறி எப்புடி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் பெரியாயி. பங்கு வைத்தபோது ஈரல் கேட்டுச் சண்டை போட்டவள் அவள்தான்.

துரை நல்லையா பக்கம் திரும்பினார்.

"மான் இல்லையென்றால் நீ கவனமில்லாமல் திட்டில் மோதியிருக்கிறாய். முதலாளிக்கு நட்டஈடு கிடைக்காது. உன் லைசனைப் பறிக்கச் சொல்லி நான் எழுதியாக வேண்டும்."

லைசன் போனால் மறுபடி மண்வெட்டிதான். நல்லையா துரையை ஓரமாக அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டான். முதலாளியும் கூடவே வந்து நின்றார். தேயிலைக்கடியில் கிளறித் தோலையும் காட்டினான். துரை நல்ல மனிதர், உதவி செய்யத்தான் பார்த்தார்.

"கார் அடித்தே செத்திருந்தால் யார்மேலும் குற்றமில்லை. உயிரோடிருந்ததை அறுத்திருந்தால் வழக்கு வரும். நீ இறங்கிப் போனபோது அது செத்துக் கிடந்ததா? யோசித்துச் சொல்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது! ஒரு வார்த்தையில் தன் லைசனும் தப்பும், முதலாளியும் தப்புவார்.

"செத்துத்தாங்க கெடந்துச்சு."

சொல்லிவிட்டு நிம்மதியாக முதலாளியைப் பார்த்தான். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"வாயப் பொத்து, நல்லையா!" அப்படி ஒரு குரலில் அவர் அவனிடம் பேசியதே இல்லை. "செத்தத்தையா நான் வீடு வீடாக் குடுத்தனுப்பின? என்னப் பெத்த உம்மா தின்டாங்க. பள்ளிவாசல்ல தொழுவிக்கிற லெப்பை தின்டாரு. தானாச் செத்தது எங்களுக்கு ஹராம்டா. ஊருக்கே ஹராத்தத் தின்னக் குடுத்தவனாக்கிட்டியே என்ன!"

பிறகு துரையிடம் திரும்பி, "உசுரோட இருந்திச்சி. அல்லாட பேரச் சொல்லி நான்தான் அறுத்த. எழுதிக்கங்க" என்றார்.

துரை எழுதிக்கொண்டார். காருக்கு நட்டஈடு வந்தது, நல்லையாவின் லைசனும் தப்பியது. முதலாளி மட்டும் பதுளைக் கோட்டில் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தண்டம் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கடைக்கு வந்து துணி அளந்தார். லயத்து ஆட்கள் பலர் அன்றைய கூலி போனாலும் போகட்டுமென்று கோட்டு வாசலில் நின்றிருந்தார்கள். கங்காணி தலை நிமிரவில்லை.

கார் புது ரேடியேட்டரோடு திரும்பி வந்தது. முதல் பயணத்தில், அந்த வளைவுக்கு வந்ததும் முதலாளி நிறுத்தச் சொன்னார். இறங்கி, மரை விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லையா, அண்டைக்கு நீ செத்துருச்சிண்டு சென்னியே. என்னக் காப்பாத்தத்தான் சென்னியா? இல்லாட்டி... நான் அவசரத்துல கவனிக்காம..."

கோட்டில் கலங்காத மனிதரின் கண் கலங்கியிருந்தது. துரையிடம் சொன்ன பொய் அன்றோடு போயிற்று என்றுதான் நல்லையா நினைத்திருந்தான். அது இவருடைய சோற்றிலும் தூக்கத்திலும் இத்தனை நாளாகக் கிடந்து அரித்திருக்கிறது.

வலது உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தான்.

"இந்தக் கையிலதாங்க மொதலாளி அது மூஞ்சி இருந்துச்சு. நீங்க பேரு சொல்லி முடிக்கிற வரைக்கும் மூச்சு சுடச்சுட அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க."

முதலாளி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பள்ளிவாசலில் தம்மவர் கையைப் பிடித்து ஸலாம் சொல்வாரே, அப்படியே பிடித்தார். பனி வந்து இருவரையும் மூடியது. பிடியை விட அவருக்கு நேரமாயிற்று.

அந்த வளைவு வந்தால் நல்லையா இன்றும் பஸ்ஸை மெதுவாக்குவான். என்ன அண்ணே, ரோட்டில் ஏதாவது நிற்கிறதா என்று கொண்டக்டர் கேட்பான். ஒன்றுமில்லை என்பான் நல்லையா. குளிரில் விறைக்கும் வலது கையை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, சற்று நேரம் தன் வாயருகே வைத்து ஊதிக்கொள்வான்.