மக்டொனால்டுக்காகப் பேசியவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு பிரித்தானியத் தேர்தலில் வென்றது யார் என்பது, மூன்று முறை வாசித்தும் ஜெகதீஸ்வரிக்கு விளங்கவில்லை. லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்த அவர்களுடைய கடையில் அப்போது ஆட்கள் இல்லை. கணவர் நித்தியானந்தன் அரிசிப் பைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, கூட சீட் எடுத்தது கொன்சர்வேட்டிவ். ஆனா ஆட்சிக்கு வந்தது லேபர்."

"அதெப்பிடி? கள்ள வோட்டோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் பாதிக்கு மேல கிடைக்கேல்லை. மூண்டாவதா வந்த லிபரல், ரெண்டாவதா வந்த லேபரைத் தூக்கி விட்டிட்டுது."

"பிறகு?"

"ஒரு வருஷம் முடியமுன்னம் அதே லிபரல் கவிழ்த்தும் போட்டுது."

நித்தியானந்தன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப என்ன இழவுக்குத் தூக்கினவங்கள்?"

அதைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்துநான்கு வயதில் அவள் ஏ லெவல் வரலாறு படிக்கத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மறுபடியும் சண்டை தொடங்கியபோது அவள் அந்தப் பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெர்மனிக்குப் போய் எசன் நகரத்தில் பதினைந்து வருடம், அங்கிருந்து மகள் சாருஜாவின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன். சாருஜா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. ஸ்ட்ரெதமில் மாலை வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லை. படிப்பித்தவர் டொலறஸ், பேசும்போது மேசை விளிம்பில் ஏறி உட்காரும் வழக்கமுள்ள பெண். ஜெகதீஸ்வரியைத் தவிர இன்னொரு தமிழர் பத்ரிநாராயணன். சென்னையில் காப்புறுதி நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து தங்கியிருப்பவர். அவருக்கு எதிலும் சந்தேகம் வருவதில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் டொலறஸ் முப்பத்தொன்றாம் ஆண்டுக்கு வந்தார். லேபர் கட்சியின் பிரதமர் மக்டொனால்ட். உலகமெங்கும் பணநெருக்கடி, வேலையில்லாதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அரசாங்கத்துக்குக் கடன் கிடைக்கவேண்டுமென்றால் அந்த வேலையில்லாதவர்களின் உதவிப்பணத்தையே வெட்டவேண்டும் என்கிறார்கள். மந்திரிசபை இரண்டாகப் பிளக்கிறது. இராஜினாமாக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு அரண்மனைக்குப் போன மக்டொனால்ட், பிரதமராகவே திரும்பி வருகிறார். ஆனால் இந்த முறை அவரோடு இருப்பவர்கள் கொன்சர்வேட்டிவும் லிபரலும். அவருடைய சொந்தக் கட்சி எதிர்வரிசையில் போய் உட்கார்ந்து, அவரைக் கட்சியை விட்டும் நீக்குகிறது.

"அடுத்த கிழமை வாதம்," என்றார் டொலறஸ். "மக்டொனால்ட் தன் கட்சிக்குத் துரோகம் செய்தாரா? செய்தார் என்று பத்ரி பேசுவார். இல்லை என்று ஜெகதி பேசுவார்."

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்ரிநாராயணன் சொன்னார்: "உங்களுக்குத் தோக்கிற கேஸக் குடுத்துட்டாங்க மேடம். இதுல யோசிக்க என்ன இருக்கு? கூட இருந்தவங்கள விட்டுட்டு எதிரியோட போய் உக்காந்தா அவன் துரோகி. அவ்வளவுதான்."

ஜெகதீஸ்வரி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டபோது சாதாரணமாக இருந்த சொல், தமிழில் கேட்டதும் வேறொன்றாகிவிட்டது. அவளுடைய ஊரில் அந்தச் சொல்லை மட்டையில் எழுதி, செத்தவனின் கழுத்தில் கட்டி, மின்கம்பத்தோடு சேர்த்து வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தச் சொல் அவளுடைய அண்ணன் குகதாசனுக்கும் உரியது. இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் தேர்தலில் நின்ற ஓர் இயக்கம் மாகாண சபையை அமைத்தது. குகதாசன் அதில் சேர்ந்து நிவாரணப் பகுதியில் வேலை செய்தார். அதே இயக்கம்தான் கடைசிக் காலத்தில் தெருவில் போன பொடியன்களை ஜீப்பில் பிடித்துக்கொண்டுபோய்ப் படையில் சேர்த்தது. அப்பாவின் தங்கை துசியந்தி மாமியின் மகன் ரியூசனுக்குப் போகும் வழியில் பிடிபட்டான். அவன் திரும்பி வரவேயில்லை. இந்திய இராணுவம் வெளியேறியபோது குகதாசன் படகில் ஏறித் தப்பினார். அவர்களுக்கு எதிரான மற்ற இயக்கம் வந்து அப்பாவை விசாரணைக்குக் கொண்டுபோனது. திரும்பி வந்த அப்பா அதன்பிறகு ஒருநாளும் முதுகு நிமிர்ந்து நடக்கவில்லை. "அவன் இனி என்ர பிள்ளை இல்லை," என்று அம்மா சொன்னாள். சாகும்வரை அதை மாற்றவுமில்லை.

இப்போது குகதாசன் இருப்பது கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில். கலியாண வீடுகளில் கண்டால், "சுகமோ?" "ஓம், சுகம்." அவ்வளவுதான். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் டிராமில் விம்பிள்டனுக்குப் போய், அங்கிருந்து சுரங்க ரயிலின் பச்சை லைனில் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உட்கார்ந்தே போனாள். கதவைத் திறந்த அண்ணன் மனைவி சிவமலருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஆருக்கு என்ன, ஜெகதி?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை மச்சாள். அண்ணையோட கதைக்கவேணும்."

குகதாசன் ஜன்னலோரம் இருந்தார். தலை முழுக்க வெள்ளை. தேத்தண்ணீர் வந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவள் முப்பத்தொன்றாம் ஆண்டிலிருந்தே தொடங்கினாள். மந்திரிசபை பிளந்ததை, அரண்மனைக்குப் போனதை, கட்சி நீக்கியதை எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்கு அவர் பக்கம் பேசச் சொல்லியிருக்கினம் அண்ணை. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"அதுக்கு ஏன் என்னட்டை வந்தனீ?"

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை விசாரிக்க வந்தனியோ?" குரல் உயர்ந்தது. "அப்பவே வந்து கேட்டிருக்கலாமே. முப்பத்தைஞ்சு வருஷம் வாய் திறக்காமல் இருந்திட்டு, இப்ப வெள்ளைக்காரன்ர கதையைத் தூக்கிக்கொண்டு வாறாய்."

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு அண்ணை. கேக்கிறதுக்கு நீங்கள் அங்க நிக்கேல்லை."

குசினிக்குள் சட்டி கழுவும் சத்தம் நின்றது. குகதாசன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தார். மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"அகதி முகாமில சனம் பட்டினி கிடந்தது. இயக்கங்கள் ஆளையாள் சுட்டுக்கொண்டு நிண்டதுகள். ஆரோடயாவது சேர்ந்து அரிசி லொறியை உள்ளுக்கு விடவேணும் எண்டு நினைச்சன். லொறி வந்தது. நான்தான் இறக்கினனான். அது பொய்யில்லை."

"ஓம்."

"அந்த லொறி போன தெருவாலதான் ஜீப்பும் போனது. நான் லொறியைத்தான் பாத்தனான். ஜீப்பைக் காணேல்லை எண்டு சொன்னா, அது பொய்."

அவள் காத்திருந்தாள். மன்னிப்பாக ஒரு சொல் வரும் என்று நினைத்தாள். அல்லது நியாயமாக ஒரு சொல். இரண்டும் வரவில்லை.

"மாமியின்ர பெடியனைப் பிடிச்சதெண்டு கேள்விப்பட்டு அண்டைக்கே இயக்கத்தின்ர காம்புக்குப் போனனான்," என்றார் அவர். "விடச் சொல்லிக் கேட்டனான். நாளைக்கு வா எண்டாங்கள். அடுத்த நாள் அவனை வேறை இடத்துக்கு ஏத்திப்போட்டாங்கள். நான் திரும்பி வந்து லொறி இறக்கினனான். வேலையை விட்டிட்டு வந்திருக்கலாம். விடேல்லை. ஏனெண்டு இப்பவும் எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது ரயிலில் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கெட்டவரென்றால் கோபப்படலாம். நல்லவரென்றால் அம்மாமீது கோபப்படலாம். இப்போது யார்மீது கோபப்படுவதென்றே தெரியவில்லை. விம்பிள்டன் வந்ததுகூடத் தெரியாமல் இருந்தவளை, பெட்டியைக் கூட்ட வந்த ஆள்தான் தட்டி எழுப்பினான்.

வாத நாளில் பத்ரிநாராயணன் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். இருபத்துநான்கில் முதன்முதலாக லேபர் ஆட்சிக்கு வந்தபோது சுரங்கத் தொழிலாளர்களும் தையல்காரிகளும் அழுதார்கள் என்றார். அவர்கள் தெருத்தெருவாக நடந்து வாக்குச் சேர்த்துக் கட்டிய கட்சி அது. அந்த மனிதர் அவர்களுடைய ரொட்டியையே வெட்டிவிட்டு, அடுத்த தேர்தலில் அவர்களையே எதிர்த்து நின்று கட்சியை நொறுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெகதீஸ்வரியும் தட்டினாள். பிறகுதான் தன்னுடைய முறை என்பது ஞாபகம் வந்தது.

அவள் எழுந்தாள். ஆங்கிலத்தில் சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள்.

"நான் ஜெர்மனியில் இருந்தேன். அங்கே எதிரிக் கட்சிகள் சேர்ந்துதான் ஆட்சி அமைப்பார்கள். யாரும் யாரையும் துரோகி என்று சொல்வதில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போவார்கள். அதனால் அவர் மாற்றாரோடு உட்கார்ந்தது குற்றமில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன்."

"நல்லது," என்றார் டொலறஸ்.

"நாடு விழுந்துவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். யாராவது ஒருவர் அந்த வேலையைச் செய்யவேண்டும் என்று நினைத்தார். அதையும் நான் நம்புகிறேன்." அவள் நிறுத்தினாள். "ஆனால் உதவிப்பணம் வெட்டப்பட்ட வீட்டில் ஒரு தாய் இருந்திருப்பாள். அவளிடம் போய் இதை என்னால் சொல்ல முடியாது. அவள் அவரைத் துரோகி என்று சொன்னால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவருடைய தங்கச்சி வந்து அவர் அப்படியில்லை என்று சொன்னால், அதற்கும் இல்லை என்று சொல்லமாட்டேன்."

"மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்று பத்ரிநாராயணன் தமிழில் கேட்டார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"தெரியேல்லை," என்றாள் அவளும் தமிழில். உட்கார்ந்துவிட்டாள்.

வாக்கெடுப்பில் ஒரேயொரு கைதான் அவளுக்காக உயர்ந்தது, அதுவும் கொஞ்சம் தயங்கித்தான். அவளுடைய கை எந்தப் பக்கமும் உயரவில்லை.

இரண்டு நாள் கழித்து குகதாசன் போனில் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வெண்டியோ?"

"தோத்திட்டன் அண்ணை."

"ம். அந்தாளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"கொஞ்சக் காலம் பிரதமரா இருந்தவர். கூட இருந்தவை அவரை மதிக்கேல்லையாம். பிறகு சொந்தத் தொகுதியிலயே தோத்துப்போனார். நோயாளியாகி, ஓய்வுக்கெண்டு கப்பல்ல போகேக்க நடுக்கடல்ல செத்துப்போனார்."

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"பழைய ஆக்கள் ஆரும் அவரோட கதைச்சவையோ?"

"தெரியாது அண்ணை. புத்தகத்தில அது இல்லை." அவள் மூச்சை இழுத்தாள். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள். "வாற ஞாயிற்றுக்கிழமை அப்பாவின்ர திவசம். நீங்கள் வந்து செய்யுங்கோ."

துசியந்தி மாமி இருப்பது அவர்களுடைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எந்த வருடத் திவசத்தையும் மாமி தவறவிட்டதில்லை. மாமியிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று ஜெகதீஸ்வரி நேரே போய், அண்ணன் வருவதைச் சொன்னாள். மாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டை உருவி முடித்து அடுத்த கட்டை எடுத்தாள்.

"நீ என்ன விளையாட்டுக் காட்டுறாய்?" என்று வீட்டில் நித்தியானந்தன் கேட்டார். "மனுசி மனம் நோகப்போகுது."

"நோகும். அவர் மூத்த மகன். அதுவும் நோகும்தானே."

"அப்ப எது சரி?"

"எனக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லமாட்டனோ?"

ஞாயிறன்று குகதாசன் சிவமலரோடு நேரத்துக்கே வந்து, வெளிவாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். நித்தியானந்தன் கதவை அகலத் திறந்து பிடித்தார். "ட்ரெயின் ஒழுங்கா ஓடினதோ?" என்று கேட்டார். ஓடியதாக அவர் சொன்னார். உள்ளே மாமி ஏற்கெனவே கதிரையில் இருந்தாள். அவரைப் பார்த்தாள், பார்வையை எடுத்து அப்பாவின் படத்துக்குக் கொண்டுபோனாள்.

ஐயர் தர்ப்பையை எடுத்து, "ஆர் செய்யிறது?" என்று கேட்டார். குகதாசன் அசையவில்லை. "மூத்த மகன்," என்றாள் ஜெகதீஸ்வரி. அவர் போய் இருந்தார். அப்பாவின் பெயரைச் சொல்லும்படி ஐயர் கேட்டபோது அவருக்கு முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. பிறகு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

இலை போட்டதும் மாமி எழுந்துவிட்டாள். "எனக்குப் பசிக்கேல்லை பிள்ளை. போறன்."

ஜெகதீஸ்வரி பின்னால் ஓடி, சோறும் கறிகளும் போட்ட பெட்டியை நீட்டினாள். மாமி வாங்குவாளோ என்று தெரியவில்லை. மாமி வாங்கினாள். படியில் இறங்கும்போது, "நீ செய்தது சரியெண்டு நான் சொல்லமாட்டன்," என்றாள். "பிழையெண்டும் சொல்லேலாமல் இருக்குது. அதுதான் எரிச்சலா இருக்கு."

உள்ளே அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவமலர் அவருடைய இலையில் கத்தரிக்காய்க் கறியை வைத்தாள். நித்தியானந்தன் கடையின் குளிர்பெட்டி பழுதானதைப் பற்றி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவும்போது போன் அடித்தது. மாமி.

"பெட்டிக்குள்ள பாயாசம் வைக்க மறந்திட்டாய்."

"ஐயோ மாமி, இப்ப கொண்டுவாறன்."

"வேண்டாம்." மாமி போனை வைக்கவில்லை. "அவன் சாப்பிட்டவனோ?"

"ஓம் மாமி."

"ம்," என்றாள் மாமி. போனை வைத்துவிட்டாள்.

ஜெகதீஸ்வரி ஈரக் கையோடு அப்படியே நின்றாள். அந்த 'ம்' என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு சிறிய பாத்திரத்தில் பாயாசத்தை ஊற்றி மூடி, செருப்பைப் போட்டுக்கொண்டு மாமி வீட்டுக்கு நடந்தாள்.