துடிக்கும் சுவர்

மேசைமேல் கட்டியிருந்த குட்டித் தையல்கடையின் நீலச் சுவர், கணினித் திரையில் மட்டும் உயிர் போகிற டியூப்லைட் மாதிரி துடித்தது. நேரில் பார்த்தால் அசையாமல் நின்றது. ஏன் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அனிமேஷனில் முதுகலை படிக்கிறாள். சில வருஷம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்ததால் வகுப்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். பட்டத்துக்காக அவள் எடுப்பது பொம்மைப் படம். பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ; இன்னும் மயிரிழை நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் வேகமாக ஓடவிட்டால் பொம்மைக்கு உயிர் வந்துவிடும். கடைசிக் காட்சியில் பொம்மைத் தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்கிறார். மொத்தப் படமும் அந்த நூலில்தான் தொங்குகிறது. சுவர் துடித்தால் ஊசியை யார் பார்ப்பார்கள்?

அன்று மதியத்தோடு கல்லூரியின் படப்பிடிப்பு அறை கைமாறுகிறது. செட்டைப் பிரித்துவிட்டால் அதே வெளிச்சத்தை மறுபடி கொண்டுவர முடியாது. அடுத்து அறைக்கு வருகிறவன் வகுப்புத் தோழன் ஆணி. ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பதால் அந்தப் பெயர். சொன்ன நேரத்துக்கு ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றான்.

"பிரிக்கலாமாக்கா?"

அவள் காட்சியை ஓட்டிக் காட்டினாள்.

"என்னக்கா, தையல்காரருக்குக் குளிர் ஜுரமா?"

"சிரிக்காத. எல்லாம் பாத்தாச்சு. கேமராவுல வெளிச்சத்தைத் தானா மாத்துற ஆட்டோ எதுவும் இல்ல. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டாச்சு. விளக்கை மாத்தினேன், ஒயரை மாத்தினேன். இனி மாத்த வேண்டியது என் தலையெழுத்துதான்."

ஆணி ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன் படம் என்ன ஆகுறது?"

"என் களிமண் யானை எங்கயும் ஓடிப் போயிடாது. நாலு நாள் எடுத்துக்கோங்க. நான் பாத்துக்கறேன்."

தேர்வுக்குழுவிடம் படத்தைக் காட்ட வேண்டியது அவனுக்கும் அவளுக்கும் ஒரே நாளில்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொம்மையைத் தொடாமல் சும்மா சில போட்டோ எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றான் அவன். முதலில் அவள் எடுத்தாள். சுவர் துடித்தது. அடுத்து அவளை வெளியே அனுப்பிவிட்டு அவனே எடுத்தான். சுவர் கல்லு மாதிரி நின்றது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. கோளாறு நீங்கதான்."

"நான் என்னடா பண்ணேன்?"

"வந்து நில்லுங்க. இன்னும் கிட்ட. இப்ப பின்னாடி போங்க."

திரையில் சுவர் மெல்ல வெளுத்தது, மெல்ல மங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்கள். விளக்குச் சூட்டுக்கு இதமாக இருக்குமென்று தினமும் வெள்ளைப் பருத்திதான் போட்டு வந்தாள். விளக்கின் வெளிச்சம் சட்டையில் பட்டுத் திரும்பிச் சுவரில் விழுந்திருக்கிறது. அவளே நடமாடும் இன்னொரு விளக்கு. ஒரு போட்டோவுக்குக் கிட்ட நின்றாள், அடுத்ததற்குத் தள்ளி நின்றாள். அத்தனை சின்ன மாற்றத்தை நம் கண் நேரில் கண்டுகொள்ளாது. போட்டோக்கள் அடுத்தடுத்து ஓடும்போது அதுவே துடிப்பாகத் தெரியும்.

"உனக்கு எப்படிடா தோணுச்சு?"

"எனக்கு எங்க தோணுச்சு? என்கிட்ட இருக்கிறது பூரா கறுப்புச் சட்டை. அழுக்கு தெரியாதுல்ல, துவைக்கிற வேலை மிச்சம்."

பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"துவைச்சதுதான்க்கா. போன மாசம்."

அவள் சிரித்தாள், கண் கலங்கியது. இந்த நாலு நாளை அவனுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? "யானைக்குக் காது பண்ற வேலையெல்லாம் என்னோடது," என்றாள்.

"வாலும் சேத்துக்கோங்க. நன்றிய மட்டும் படம் முடியறப்ப பெரிய எழுத்துல போடுங்க, எங்கம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம தெரியணும்."

அவன் தரையில் ஒரு துண்டு நாடாவை ஒட்டினான். அவள் கறுப்புச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தையல்காரரின் கையை மயிரிழை நகர்த்தி, பின்னால் வந்து நாடாமேல் நின்று பொத்தானை அழுத்தினாள். நாலாம் நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது நூல் ஊசிக்குள் நுழைந்தது; சுவர் அசையவே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கறுப்பு உடுத்த வேண்டும், ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.