முதலில் கேட்டவனுக்கு மட்டும்

கூட்டங்களில் பிரம்மநாயகம் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டான். அப்படி ஒரு பாழாய்ப்போன ஜாக்கிரதை.

பம்பாயில் அவன் வேலை பார்க்கும் செம்பூர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம், 1968. அதை ஓட்டுகிறவன் அவன். தாராவியில் அவனுக்கு அடுத்த அறையிலிருக்கும் ஊர்க்காரப் பெண் சண்முகவடிவு அங்கே விவரத்தைக் கார்டில் துளையாகப் போடுகிறவள். கார்டை மெஷின் படித்து டிஸ்க்கில் எழுதும். டைப்ரைட்டர் 'ஓகே' அடித்ததும் கார்டெல்லாம் பழைய பேப்பராக ரத்திக் கடைக்குப் போய்விடும். அதுதான் அங்கே வழக்கம்.

போன மாதம் நானூறு தொழிலாளிகளின் விவரம் டிஸ்க்கில் இல்லை. கார்டும் இல்லை. 'ஓகே' மட்டும் இருந்தது. துளை போடாத வெறும் கார்டை அடுக்கி ஏமாற்றினாள் என்று சண்முகவடிவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெயரோடு வேறு எந்த ஆபீசும் அவளைச் சேர்க்காது. அநியாயம்!

பிரம்மநாயகத்துக்கு டிஸ்க் மேல்தான் சந்தேகம். அது ரிப்பேருக்குப் போகும் நாளில் மேனேஜர் வெங்கடராமன் கையைக் காலைப் பிடித்துப் பத்து நிமிஷம் வாங்கினான். அவர் வருவதற்குள் ஒத்திகையாக, டிஸ்க்கில் கீறல் விழுந்த இடத்தில் எழுதவிட்டான். "எழுதியாச்சா?" என்று கேட்கும் பட்டனை அமுக்கினான். தவறு என்று சொல்லும் சிவப்பு விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது. எழுதவில்லை! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தான்.

அவர் எதிரே மறுபடி அமுக்கினான். விளக்கு எரியவில்லை. டைப்ரைட்டர் 'ஓகே' அடித்தது.

"இப்பத்தான் எரிஞ்சுது சார். இன்னொரு தடவை எழுதிக் காட்டுறேன்."

"உங்க ஊர்ப் பொண்ணுன்னா விளக்கு தானா எரியும்யா," என்றார் வெங்கடராமன். "மெஷினே சொல்லியாச்சு. இனிமே இந்தப் பேச்சை எடுக்காதே." வாசலில் காத்திருந்த ரிப்பேர்காரனைக் கூப்பிட்டு டிஸ்க்கைக் கழற்றச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் குர்லாவில் ரயில் மாற நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒருமுறை கேட்டதுமே அந்த விளக்கு தவறை மறந்துவிடுகிறது. பதில் முதலில் கேட்டவனுக்கு மட்டும். போன மாதமும் மெஷினுக்குள்ளேயே இருக்கிற மேற்பார்வை புரோகிராம்தான் முதலில் கேட்டிருக்கும். கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்ட, கார்டை எழுதிய புரோகிராமுக்கு 'ஓகே' கிடைத்தது. இன்றைக்கு முதலில் கேட்டுப் பதிலை வீணாக்கிய புரோகிராம் இவனேதான். ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் அந்த விளக்கு அவர் கண் முன்னால் எரிந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டான்.

சண்முகவடிவு ஆபீஸ் சேலையைக்கூட எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

"மெஷின் உண்மையைச் சொல்லிச்சா அண்ணாச்சி?"

"சொல்லிச்சு தாயி," என்றான். "எங்கிட்ட மட்டும் சொல்லிச்சு."

அவள் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.